உயிருடன் இருப்பதற்கான அடையாளங்கள்

மெத்தையும் தலையணையும் செய்கிற தொழிற்சாலைக்குப் பாதுகாப்பு அதிகாரி எதற்கு என்று கேட்காதவர்கள் கிடையாது. பஞ்சு மூட்டைமேல் விழுந்தவனுக்குத் தூக்கம்தானே வரும், காயமா வரும் என்பார்கள். அந்த அம்மா இதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை. இருபத்தாறு வருடமாகத் தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு நுரை வெட்டும் இயந்திரத்துக்கும் உறை தைக்கும் கூடத்துக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். கேன்டீனிலும் அதைக் கழற்றமாட்டார். மின்விசிறி எப்போது விழும் என்று யார் கண்டது? தொழிலாளர்கள் அவரை ஹெல்மெட் மேடம் என்றார்கள். வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் ‘விபத்தில்லாத நாட்கள்’ என்பதன் கீழே, தினமும் காலையில் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணைத் தன் கையாலேயே எழுதுவார். இதெல்லாம் தொடங்கிய நாளில் அந்த எண் 2,316.

பேசும்போது அவரும் எல்லோரையும் போலத்தான். எழுத உட்கார்ந்தால்தான் வேறு ஆளாகிவிடுவார். அவருடைய கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் எட்டு மாதம் கடலில்தான். அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினாலும், “தங்களுக்கு இன்றுடன் ஐம்பத்தெட்டு வயது நிறைவடைகிறது. ஈரமான தளத்தில் கவனமாக நடக்கவும்” என்றுதான் போகும்.

ஒரே மகள். இருபத்து நான்கு வயது. வீட்டில் கூப்பிடுவது பாப்பா என்று. அதே தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. “கேட்டுக்குள்ள நுழைஞ்சா என்னை பாப்பான்னு கூப்பிடக்கூடாது” என்பது சேரும்போதே அவள் போட்ட நிபந்தனை. ஒரே பேருந்தில் போவார்கள், வேறு வேறு இருக்கையில். ஒரே வீட்டில் இருந்தார்கள், வேறு வேறு அறையில். சமையலறையிலிருந்து அம்மா, “உணவு தயார். பாத்திரம் சூடாக உள்ளது” என்று கைப்பேசியில் அனுப்புவார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். சில நாள் அந்த விரலும் வராது.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. ‘எழுத்து வடிவில், எங்கும், எவராலும் குறிப்பிடப்படும் எந்தச் சம்பவமும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். தொழிலாளர்களின் கைப்பேசிக் குழுக்களும் இதில் அடங்கும்.’ அன்றைக்கே அம்மாவைத் தொழிலாளர் குழுவில் சேர்த்துவிட்டார்கள். குழுவின் பெயர் ‘தூங்காத தலையணைகள்’. நூற்றெண்பது பேர் இருந்தார்கள், பெரும்பாலும் முப்பது வயதுக்குக் கீழே.

சேர்ந்த ஒரு மணி நேரத்தில் முதல் தகவல் வந்தது. சுருள்கம்பிப் பிரிவில் வேலை செய்கிற, எல்லோரும் ஸ்பிரிங் என்று கூப்பிடுகிற இளைஞன் எழுதியிருந்தான்: “கட்டிங் செக்‌ஷன்ல இன்னைக்கு ஒரு தரமான சம்பவம்!”

அம்மா முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பின்னால் தூக்குப் படுக்கையோடு இரண்டு பேர்.

“யாருக்கு அடி?”

“சூப்பர்வைசருக்கு மேடம். நல்ல அடி” என்றான் ஸ்பிரிங்.

“எங்க?”

“எல்லார் முன்னாடியும்.”

“உடம்புல எங்கன்னு கேக்குறேன்பா.”

மேற்பார்வையாளர் ஒருவனை ஏன் தாமதம் என்று கேட்டிருக்கிறார். அவன், “நேத்து நீங்க லேட்டா வந்தப்போ கதவு திறந்துவிட்டதே நான்தானே சார்” என்று சொல்லிவிட்டான். நடந்தது அவ்வளவுதான். மேற்பார்வையாளர் ஒரு மூலையில் முழு உடம்போடு உட்கார்ந்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

“அப்போ இது சம்பவம் இல்லையா?” என்று அம்மா கேட்டார்.

“ஐயோ, சம்பவம்தான் மேடம்! இதைச் சம்பவம் இல்லன்னு சொன்னா எது சம்பவம்?”

மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்தார். மூன்று முறையும் சம்பவம்தான் என்றார்கள். பதிவேட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் காலை கரும்பலகையில் இருந்த எண்ணை அழித்துப் பூஜ்யம் போட்டார். காவல்காரர் அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டே காலுக்குத்தான் முதல் மரணம்.

அன்று காலை மகள் குளியலறைக் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு வந்திருந்தாள். அம்மா மதிய இடைவேளையில் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: “இன்று காலை 6.50க்கு நீ கதவைச் சாத்திய வேகம் ஒரு விரலைத் துண்டிக்கப் போதுமானது. உனக்குப் பத்து விரல்கள் மட்டுமே உள்ளன. இப்படிக்கு, அம்மா.” மகள் அதை அப்படியே படம் பிடித்து ‘தூங்காத தலையணைகள்’ குழுவில் போட்டாள். கீழே எழுதினாள்: “முடியல. செத்துட்டேன்.”

அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பது அவளுக்கு நினைவில்லை.

அம்மா அதைப் படித்தார். கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு அலமாரியைத் திறந்து, இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட எடுக்காத பதினான்காம் எண் படிவத்தை எடுத்துத் தூசி தட்டினார். இறந்தவரின் பிரிவு: தரப் பரிசோதனை. தகவல் தருபவருக்கும் இறந்தவருக்கும் உள்ள உறவு: தாய். மரணத்துக்குக் காரணமான பொருள் அல்லது கருவி என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. ‘தாயின் குறுஞ்செய்தி’ என்று எழுதினார். கடைசிக் கட்டம், தடுப்பு நடவடிக்கை. ‘தாய் இனிமேல் குறுஞ்செய்தி அனுப்பமாட்டார்.’

மறுநாள் காலை மகள் வாசல் இயந்திரத்தில் அட்டையை வைத்தாள். ‘மறைந்த ஊழியர். அனுமதி இல்லை’ என்று சிவப்பு எழுத்து ஓடியது.

“என்னம்மா இது?” நிபந்தனையை மறந்து அத்தனை பேர் நடுவே கத்தினாள்.

“நீதானே எழுதின.”

“சிரிச்சேன்னு அர்த்தம்மா அது! ரொம்ப சிரிச்சா அப்படித்தான் சொல்லுவோம்!”

“சிரிச்சா சிரிச்சேன்னு எழுதணும்.”

“நேத்து நீங்க என்ன சொன்னீங்க? ‘காலங்காத்தால ஏண்டி உயிரை வாங்கற’ன்னு கேக்கல? அதைக் கொலைன்னு நான் புகார் குடுக்கட்டுமா?”

“நான் வாயால சொன்னது. சுற்றறிக்கைல எழுத்துன்னு தெளிவா போட்டிருக்கு.”

தவறுதலாக இறந்தவர் மறுபடி வேலையில் சேர்வதற்கும் விதி இருந்தது. முன்னொரு காலத்தில் மெத்தைக் கிடங்கிலேயே இரண்டு நாள் தூங்கிப்போன ஒருவரைத் தேடித் தேடி அலுத்து, இறந்ததாக எழுதிவிட்டார்களாம். அவருக்காகப் போட்ட விதி. அதன்படி மருத்துவர் சான்றிதழ் தரவேண்டும். பிறகு பதினைந்து வேலை நாட்கள், இறந்தவர் பாதுகாப்பு அதிகாரியின் எதிரே வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போடவேண்டும். அதிகாரி அவரை ஐந்து நிமிடம் கவனித்து, ‘உயிருடன் இருப்பதற்கான அடையாளங்கள்’ என்ற பத்தியில் கண்டதை எழுத வேண்டும்.

தொழிற்சாலை மருத்துவர் மகளை நாக்கை நீட்டச் சொன்னார். ‘உயிர் உள்ளது. இரும்புச் சத்து குறைவு’ என்று எழுதிக் கொடுத்தார். அதற்குள் கப்பல்வரை செய்தி போய்விட்டது.

“என்ன, பாப்பா செத்துட்டாளாமே?” என்று கணவர் கூப்பிட்டுக் கேட்டார்.

“ஆமாங்க. இப்பதான் சாப்பிட்டுட்டு ரூமுக்குப் போனா.”

ஒரு விதி இருந்தால் அதன் பக்கத்து வீட்டில் இன்னொரு விதி குடியிருக்கும். ஊழியர் இறந்தால் அவருடைய பிரிவுக்கு அரைநாள் துக்க விடுமுறை என்று நிலையாணையில் இருந்தது. புதன்கிழமை மதியம் தரப் பரிசோதனைப் பிரிவு முழுக்க வீட்டுக்குப் போயிற்று. இறந்தவளுக்கு மட்டும் விடுமுறை இல்லை. அவள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

வியாழன் பதினொன்று நாற்பதுக்கு ஸ்பிரிங் எழுதினான்: “செத்துட்டேன்.” எதைப் பார்த்து என்று அவன் சொல்லவே இல்லை. சுருள்கம்பிப் பிரிவு மதியம் கிளம்பிப் போயிற்று. வெள்ளிக்கிழமை ஏழு பேர். அடுத்த வாரம் யார் எந்தக் கிழமை சாவது என்று ஒரு பட்டியலே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது.

இதில் ஒரு நல்லதும் நடந்தது. அதுவரை இளையவர்கள் எழுதுவது ஒன்றும் புரியவில்லை என்று குழுவைத் திறந்தே பார்க்காத மூத்தவர்கள், ஆளுக்கொரு பையனையோ பெண்ணையோ பிடித்துக்கொண்டு கற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள். “எனக்கும் வியாழக்கிழமைக்கு ஒண்ணு எழுதிக் குடும்மா, பல் டாக்டர்கிட்ட போகணும்” என்று உறை தைக்கும் அக்கா ஒருத்தர் கேட்டார். நாற்பது வருடமாக விடுப்புக் கடிதம் எழுதியே பழகிய பஞ்சுக் கிடங்குப் பெரியவர் யாரையும் கேட்கவில்லை, தாமாகவே எழுதிவிட்டார்: “அன்புடையீர், எனது உறவினர் இல்லத் திருமணத்தை முன்னிட்டு நாளை மதியம் 12.30 மணியளவில் நான் இறக்க இருப்பதால், அன்புகூர்ந்து அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.” அம்மா அனுமதிக்கவில்லை. முன்கூட்டியே இறக்க விதியில் இடமில்லை. அவர் மறுநாள் 12.31க்கு முறைப்படி எழுதினார்: “இறந்துவிட்டேன். நன்றி.”

எட்டாவது நாள் மேலாளர் கூட்டம் போட்டார். “செத்தவன் கையில வெத்தலை பாக்கு குடுத்த மாதிரி வேலை நடக்குது!” என்று ஆரம்பித்தவர், எதிரே உட்கார்ந்திருந்த ஆறு பேரைப் பார்த்து நிறுத்தினார். “மன்னிக்கணும். உங்களைச் சொல்லல.” கூட்டம் முடிந்ததும் அம்மாவுக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார்: “பதிவதை உடனே நிறுத்தவும். இப்படியே போனால் என் தலை உருளும்.”

அம்மா அதை இரண்டு முறை படித்தார். எழுத்தில் இருந்தது. ‘மேலாளரின் தலை உருளும் அபாயம்’ என்று பதிந்துகொண்டு, தாடைப் பட்டை வைத்த ஹெல்மெட் ஒன்றை எடுத்துப்போய் அவர் தலையில் மாட்டி, பட்டையை இறுக்கிவிட்டு வந்தார். மேலாளர் அதற்குப் பிறகு எதையும் எழுதவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை.

வீட்டிலோ வேறு மாதிரி. தடுப்பு நடவடிக்கையை அம்மா கறாராகக் கடைப்பிடித்தார். மகளின் கைப்பேசிக்கு அவரிடமிருந்து எதுவும் போகவில்லை. சாப்பாடு தயாரா என்று தெரியாமல் மகள் இரண்டு நாள் ஆறிப்போனதைச் சாப்பிட்டாள். மூன்றாம் நாளிலிருந்து அவளே எழுந்துவந்து சமையலறைக் கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போனாள். கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இரங்கல் கடிதத்தை அவள்தான் வாசலில் கையெழுத்திட்டு வாங்கினாள். ‘தங்கள் அன்பு மகளின் இழப்பை ஈடுசெய்ய இயலாது’ என்று முதல் வரி. அதை மடித்து அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

இறப்பு நாற்பத்தொன்றைத் தொட்டதும் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்து இறங்கினார். அறுபதைத் தாண்டியவர், மெதுவான குரல். காரில் மலர் வளையம் ஒன்று கொண்டுவந்திருந்தார். நாற்பத்தொரு பேருக்கும் சேர்த்து ஒன்று. கேன்டீனில் விசாரணை. இறந்தவர்கள் இடதுபக்க பெஞ்சுகளில், உயிரோடிருப்பவர்கள் வலதுபக்கம். முதலில் மறைந்தவர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்கச் சொன்னார். மறைந்தவர்களும் எழுந்து நின்றார்கள். பிறகு இறந்த வரிசைப்படி கூப்பிட்டார்.

“நீங்க எப்போ செத்தீங்க?”

“செவ்வாய்க்கிழமை ரெண்டே கால் சார்” என்றாள் மகள்.

“காரணம்?”

“அம்மா அனுப்பின மெசேஜ்.”

அதைப் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். கேன்டீனில் யாரோ களுக்கென்று சிரித்து, அடக்கிக்கொண்டார்கள். மகள் சிரிக்கவில்லை. அந்தச் செய்தியைச் சத்தமாகப் படிப்பது அவளுக்கு அதுதான் முதல்முறை. ‘உனக்குப் பத்து விரல்கள் மட்டுமே உள்ளன’ என்ற இடத்தில் குரல் கொஞ்சம் தடுக்கியது.

விசாரணை அதிகாரி அம்மாவின் பக்கம் திரும்பினார். “செத்துட்டேன்னா சிரிச்சேன்னு அர்த்தமாம். உங்களுக்கு இது தெரியாதா?”

“தெரியும் சார்.”

“எப்போலேர்ந்து?”

“அன்னைக்கே தெரியும். இதுங்களோட இருபத்தாறு வருஷமா இருக்கேன், தெரியாதா?”

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

“பின்ன ஏன்மா பதிஞ்சீங்க?”

“படிவத்துல சிரித்தார்னு ஒரு கட்டம் இல்ல சார். என்னைப் பார்த்து நூத்தெண்பது பேர் முன்னாடி சிரிச்சா, அதை எந்தக் கட்டத்துல போடறதுன்னு எனக்குத் தெரியல.”

அதிகாரி பதிவேட்டைத் திறந்தார். ‘உயிருடன் இருப்பதற்கான அடையாளங்கள்’ பத்தியை ஒவ்வொருவருக்கும் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது நடைமுறை. பஞ்சுக் கிடங்குப் பெரியவருக்கு, ‘மூச்சு உள்ளது.’ உறை தைக்கும் அக்காவுக்கு, ‘மூச்சு உள்ளது. பல் இல்லை.’ ஸ்பிரிங்குக்கு, ‘மூச்சு உள்ளது. வாயும் உள்ளது.’ மகளுடைய பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அங்கே மட்டும் பத்தி ஓரம்வரை நிறைந்து வழிந்தது.

“முதல் நாள். வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள். தும்மல் இரண்டு. ஈரத்தலையோடு படுத்திருக்கிறாள். நான்காம் நாள். புதுச் செருப்பு. குதிகாலில் உரசுகிறது, நடையில் தெரிகிறது, சொல்லமாட்டாள். ஆறாம் நாள். ‘உங்க பேனா எழுதல’ என்றாள். மூன்று சொற்கள். ஏழாம் நாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். ஒன்பதாம் நாள். யோசிக்கும்போது கீழுதட்டைக் கடிக்கிறாள். இது எப்போதிலிருந்து? நான் பார்த்ததில்லை.”

மகளுக்குக் காதுமடல்கள் சிவந்துவிட்டன. “அம்மா, எல்லார் முன்னாடியும் இதெல்லாம்... ஐயோ, நான் செத்...”

கேன்டீன் மூச்சை நிறுத்தியது. அதிகாரியின் பேனா உயர்ந்தது. “முழுசா சொல்லிடும்மா. செத்...?”

“செத்த நேரம் வெளிய போயிட்டு வரேன் சார்” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

கால் மணி நேரம் கழித்து ஒரு தாளோடு திரும்பினாள். எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று அவளுக்கும் இப்போது தெரிந்திருந்தது. தன்னுடைய மரணப் படிவத்தில் உள்ள தடுப்பு நடவடிக்கையை ரத்து செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

அதிகாரி கவலையோடு பார்த்தார். “ரத்து பண்ணா அம்மா மறுபடியும் மெசேஜ் அனுப்புவாங்களே.”

“அனுப்பட்டும் சார்.”

“நீங்க மறுபடியும் சாக வாய்ப்பிருக்கு.”

“பரவால்ல.”

“மத்தவங்களும்?”

“இல்ல சார்” என்றாள். “இனிமே நான் மட்டும்தான்.”

அம்மா ஹெல்மெட்டை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அதிகாரி தாளில் முத்திரை குத்தினார்.

ஒரு வாரத்தில் தீர்ப்பு வந்தது. மரணங்கள் அனைத்தும் உண்மையானவை, இறந்தவர்களே ஒப்புக்கொண்டிருப்பதால். ஆனால் இறந்தவர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டதால் இவை ‘தற்காலிக மரணம்’ என்ற புதிய வகையில் வரும். தற்காலிக மரணத்துக்குத் துக்க விடுமுறை கிடையாது. அன்று மதியத்தோடு சாவு நின்றுபோயிற்று. எந்தக் கொள்ளைநோயும் அவ்வளவு சீக்கிரம் அடங்கியதில்லை என்றார் மருத்துவர். உறை தைக்கும் அக்காவுக்கு மட்டும் வருத்தம். அவருக்கு இன்னும் ஒரு பல் பாக்கி இருந்தது.

புதிய படிவம் மற்ற ஆறு கிளைகளுக்கும் போயிற்று. சந்தேகம் இருந்தால் ஹெல்மெட் மேடத்தைக் கேட்கவும் என்று கீழே அவருடைய எண்ணைப் போட்டிருந்தார்கள். அதனால் இப்போதெல்லாம் மாலையில் வீட்டில் கைப்பேசி ஓய்வதில்லை. அம்மா ஒலிபெருக்கியைப் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிடுவார். கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஐம்பது தாண்டிய பாதுகாப்பு அதிகாரிகள். கேள்வி இவரிடம் வரும், பதிலைப் பெரும்பாலும் மகள்தான் வாயில் சோற்றோடு சொல்வாள், இவர் எழுதிக்கொள்வார்.

போன வியாழக்கிழமை நான்காம் கிளை அதிகாரி கூப்பிட்டார். குரலில் பதற்றம்.

“மேடம், இங்க ஒரு பையன் சூப்பர்வைசரைப் பத்தி ‘தெய்வமே’ன்னு எழுதியிருக்கான். இதை எதுல பதியறது? எங்களுக்கு வந்த படிவத்துல தெய்வத்துக்குக் கட்டமே இல்லையே.”

“பாராட்டு அங்கிள்” என்றாள் மகள். “ஆனா எப்படி எழுதியிருக்கான்னு பாக்கணும். ஒரு மே இருந்தா பாராட்டு. ரெண்டு இருந்தா ரொம்பப் பாராட்டு. மூணுக்கு மேல போனா கிண்டல்.”

“மூணா நாலா?” என்று அம்மா பேனாவை நிறுத்திக் கேட்டார்.

“மூணு சந்தேகக் கேஸ்மா. ஆளைப் பொறுத்தது.”

“சந்தேகம்னு எழுத முடியாது. ஏதாவது ஒண்ணு சொல்லு.”

“சரி, நாலு. அங்கிள், எத்தனை மே இருக்கு?”

“நிறைய இருக்கும்மா. இருங்க, எண்ணிச் சொல்றேன்.” நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெரிய மனிதர் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். “மே... மே... மே... மே...”

அம்மா ஒவ்வொரு மே-க்கும் தாளில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு மேசைமேல் கவிழ்ந்துவிட்டாள், தோள் குலுங்கியது.

“பேசாம இருடி, எண்ணிக்கை தப்பிடும்” என்றார் அம்மா. ஆனால் அதற்குள் அவருக்கே தப்பிவிட்டிருந்தது. “சார், மன்னிச்சுக்கங்க. முதல்லேர்ந்து ஒருதரம் சொல்லுங்களேன்.”